மேட்டுக்கு முதலில் குழந்தைகள்

1

இந்தக் கதை ஒரு குறுஞ்செய்தியிலிருந்து பிறந்தது. உங்களுக்கும் வந்திருக்கும், படிக்காமல் ஒதுக்கியிருப்பீர்கள். மலையில் மேகம் கருக்கும்போதெல்லாம் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஊருக்கே போகிற செய்தி அது. அதை ஒருவன் உட்கார்ந்து எழுதுகிறான் என்று யாரும் நினைப்பதில்லை. நான்தான் எழுதுகிறேன்.

என் எழுத்தில் அதிகம் பேரைச் சென்றடைந்தது அதுதான். குறைவாக வாசிக்கப்பட்டதும் அதுவே.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. "வெள்ளம் வரும்" என்று எழுதக் கூடாது. வராவிட்டால் ஊர் சிரிக்கும். "வராது" என்றும் எழுதக் கூடாது. வந்துவிட்டால் ஊர் அழும். "ஏற்படும் சாத்தியம் உண்டு" என்று எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் எதையும் வேறு மாதிரிச் சொன்னதில்லை. கடையில் ரொட்டி கேட்டால்கூட அப்படித்தான் வாயில் வருகிறது.

கதையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வேண்டுமென்றால் மழையைக் கொண்டுவரலாம், வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாம். இதை எழுத உட்கார்ந்ததற்கு அது ஒரு காரணம்.

நாயகனுக்குத் திலெக் என்று பெயர் வைத்தேன். என் வேலையைக் கொடுத்தேன். தெரெக்-சூ ஆற்றின் கரையில் ஒரு வீட்டைக் கொடுத்தேன். நடக்கத் தொடங்கியிருக்கும் ஒரு பெண்குழந்தையைக் கொடுத்தேன். மனைவியை

அடுத்த பகுதிக்குப் போகலாம்.

2

தொடக்கங்கள்.

முதலாவது: "தெரெக்-சூ அன்று காலை பாலைப்போல வெளுத்து" – அடித்துவிட்டேன். மே மாதத்தில் எங்கள் ஆறு பால்தேநீர் நிறம். பால் நிறத்தில் நான் பார்த்ததே இல்லை. அழகுக்காகப் பொய் சொல்ல இது இடமில்லை. இன்னும் பெரிய பொய்கள் வரவிருக்கின்றன.

இரண்டாவது: "மனைவியை அடக்கம் செய்த குளிர்காலத்துக்குப் பிறகு திலெக் முதன்முறையாக" – இதையும் விட்டுவிட்டேன். இப்படித் தொடங்கினால் முதல் வரியிலேயே நீங்கள் அவன்மேல் இரக்கப்படுவீர்கள். அவனுக்கு இரக்கம் போதும் போதும் என்றாகிவிட்டது. குளிர்காலம் முழுக்க அது வீடு தேடி வந்தது, சூடான ரொட்டியோடு.

மூன்றாவது, அவன் அக்கா புருல் சத்தம் போடுவதில் தொடங்குகிறது. இதை வைத்துக்கொள்கிறேன். வேறு யாரையும் பேசவிடாமல் அவள் தொடங்கிவிட்டாள்.

3

"டேய், சம்பந்தி வீட்டாளுங்க கார்லேர்ந்து எறங்கிட்டாங்க. நீ வானத்தையே பாத்துக்கிட்டு நிக்கிற. வானத்தப் பாக்க உனக்குச் சம்பளமா குடுக்குறாங்க?"

"ஆமாக்கா."

"அதுவும் சரிதான். இன்னிக்கு லீவுதானே? வந்து கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் உக்கார வை."

அன்று திலெக் வீட்டில் விருந்து. குழந்தை மேரிம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் நடக்கத் தொடங்கும் குழந்தையின் இரண்டு காலையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் கட்டி நிறுத்துவோம். ஊர்ப் பிள்ளைகள் தூரத்திலிருந்து ஓடிவருவார்கள். முதலில் வருபவர் கத்தியால் நூலை அறுத்து, குழந்தையின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும். அதன்பிறகு அந்தக் குழந்தை வாழ்க்கையில் தடுக்கி விழாது என்பது நம்பிக்கை. [எனக்கும் கட்டினார்கள். அறுத்தார்கள். மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.]

சம்பந்தி, அதாவது திலெக்கின் மாமனார், தொக்தோசுனையும் அவர் மனைவி ஜூராகானையும் கூடத்தின் மேலிடத்தில் உட்காரவைத்தார்கள். மேலிடம் என்றால் வாசலுக்கு நேரெதிர்ச் சுவரோரம். எங்களிடம் மரியாதை என்பது வாசலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான். வெள்ளம் வந்தால் கடைசியாக வெளியேற வேண்டியவர்களை நாங்கள் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

விருந்தாளிகளில் மூத்தவர் தொக்தோசுன். ஆட்டுத்தலை அவர் முன்னால் வைக்கப்பட்டது. அவர் காதை அறுத்துப் பேத்தியின் கையில் கொடுத்தார்.

"தின்னு தங்கம். காது தின்ன புள்ள பெரியவங்க பேச்சக் கேக்கும். உங்கப்பனுக்கு யாரும் குடுக்கல போல."

எல்லோரும் சிரித்தார்கள். திலெக்கும் சிரித்தான். அப்போது கூடத்தில் இருந்த எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் கத்தின.

4

முந்தின நாளே அவன் எழுதிவைத்துவிட்டு வந்த செய்திதான். மதியம் அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். புருலின் கணவர் கழுவாத விரலால் திரையைத் தள்ளினார்.

"மச்சானோட கவிதை வந்துருச்சுப்பா!" என்று கூவி, உரக்கப் படித்தார். "மலைப்பகுதியில் பலத்த மழை நெருங்குகிறது. ஆற்றில் சேற்றுவெள்ளம் ஏற்படும் சாத்தியம் உண்டு. கரையோரம் இருப்பவர்கள் உடனே வெளியேறவும். குழந்தைகளை முதலில் மேட்டுக்கு அனுப்பவும். அமைதி காக்கவும்."

"அமைதியாத்தான் இருக்கோம்," என்றது ஒரு குரல். "கறி வர்றவரைக்கும்."

தொக்தோசுன் வாயிலிருந்ததை மென்று முடித்துவிட்டுக் கேட்டார். "இது நீ எழுதுனதா மாப்ள?"

"ஆமா மாமா."

"வருமா, வராதா?"

"வர்றதுக்குச் சாத்தியம் இருக்கு மாமா."

"அது ஆத்தப் பாத்தா எனக்கே தெரியும். அதுக்கு உன்னக் காலேஜுக்கு எதுக்கு அனுப்புனாங்க?"

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதுதான் சிக்கல். எங்கள் ஊரில் வெள்ளம் வருவதற்கு எங்கள் ஊரில் மழை பெய்ய வேண்டியதில்லை. மலையில் பெய்தால் போதும். ஆறு சேற்றையும் பாறையையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு, காய்ந்து கிடக்கும் வெயிலுக்குள் வந்து இறங்கும்.

பிறகு நடந்ததை நான் கற்பனை செய்யவில்லை. எங்களைத் தெரிந்தவர்களுக்குக் கற்பனை தேவைப்படாது. செய்தியைப் பார்த்த கீழ்த்தெருக்காரர்கள், அதை எழுதியவனிடமே கேட்டுவிடலாம் என்று திலெக்கின் வீட்டுக்கு வந்தார்கள். விருந்து நடக்கும் வீட்டு வாசலை மிதித்துவிட்டு ரொட்டியைக் கிள்ளாமல் திரும்ப முடியாது. ரொட்டியைக் கிள்ளியவருக்குத் தேநீர் ஊற்றாமல் விட முடியாது. தேநீர் குடிப்பவர் உட்காராமல் இருக்க முடியாது. உட்கார்ந்தவருக்கு வயதுக்கேற்ற எலும்பும் கறியும் வந்தாக வேண்டும். சின்ன எலும்பு வந்தால் பேரப்பிள்ளைகள் காலம் வரை பேச்சு இருக்கும்.

ஊர்த்தலைவர் மெதெர்பெக் ஒலிபெருக்கியோடு வந்தார்.

"எல்லாரும் எந்திரிங்க! மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும், மேலதிகாரி உத்தரவு!"

"நின்னுக்கிட்டேவா உத்தரவு போடுவீங்க அண்ணா?" என்றாள் புருல். "ஒரு வாய் ரொட்டி கிள்ளிட்டுப் போடுங்க. எங்க வீட்டு ரொட்டி உங்களுக்குக் கசக்குதா?"

மெதெர்பெக் சங்கடத்தோடு கிள்ளினார். கொஞ்ச நேரத்தில் அவர் மடியில் ஒலிபெருக்கியும், கையில் தொடையெலும்பும் இருந்தன.

ஆக, எச்சரிக்கைக்குப் பிறகு எங்கள் ஆற்றங்கரையில் மிக அதிகமான ஆட்கள் கூடியிருந்த இடம், எச்சரிக்கையை எழுதியவனின் வீடு.

திலெக்கின் தொலைபேசி அடித்தது. அலுவலகத்தில் அன்று பொறுப்பிலிருந்த பெண்.

"அண்ணா, மேல புடிச்சு ஊத்துதாம். ஆலங்கட்டியோட. மலையில ஆத்தப் பாத்துச் சொல்ற ஆளு பேசுறதே கேக்கல, கூரை மேல அப்படிச் சத்தம். நீங்க எங்க இருக்கீங்க?"

"வீட்ல."

"ஆத்தோரமாவா?"

"விருந்தாளிங்க இருக்காங்க," என்றான் திலெக். அந்தப் பக்கம் அவள் புரிந்துகொண்டாள். எங்கள் ஊர்ப் பெண்தான்.

5

இங்கே தொக்தோசுனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதியிருந்தேன். கெட்டவர் இருந்தால் கதை சுலபம். வாசிக்கும்போது பிடிபட்டது: அவர் செய்த ஒரே குற்றம், தன் மகளின் மூக்கைப் பேத்தியின் முகத்தில் பார்த்துவிட்டதுதான். அதனால் அவரிடமிருந்த கெட்ட வசனங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது கொஞ்சம் மௌனமானவராகத் தெரிகிறார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பேரக்குழந்தையைத் தாத்தா வீட்டில் வளர்ப்பது எங்களிடம் இருப்பதுதான். குளிர்காலத்திலிருந்தே பேச்சு நடந்துவந்தது. யாரும் நேராகக் கேட்கவில்லை. "தனியா எப்படிச் சமாளிக்கிற?" என்பார்கள். "சமாளிக்கிறேன்," என்பான். அவ்வளவுதான். இரவில் எழுந்து பால் கலக்க அவனுக்குத் தெரியும். குழந்தையின் சட்டையை முன்பக்கம் பின்பக்கம் மாற்றிப் போட்டுவிடுவான், அது வேறு விஷயம். அந்தக் குழந்தையும் போய்விட்டால் அந்த வீட்டில் அவன் எதற்காக அடுப்பு மூட்டுவான் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். 

ஜூராகான் மேரிமை மடியில் வைத்துக் கால்களில் கறுப்பு வெள்ளை நூலைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"குழந்தைகள முதல்ல மேட்டுக்கு அனுப்பணும்னு நீயே எழுதியிருக்க."

"ஆமா அத்தை."

"எங்க வீடு மேட்டுலதானே இருக்கு."

திலெக் குனிந்து குழந்தையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தான்.

"நூல அறுத்ததும் நாங்க இவளத் தூக்கிட்டுக் கெளம்புறோம். கார் வாசல்ல நிக்குது. அவ துணிமணிய எடுத்து வை. கம்பளிச் சட்டையும்."

மே மாதத்தில் கம்பளிச் சட்டை. அவள் சொல்லுவது அடுத்த குளிர்காலத்தை என்று திலெக்குக்குப் புரிந்தது.

"நானே பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போறேன் அத்தை. அதுவும் மேடுதான்."

"விருந்தாளி உக்காந்திருக்கும்போது வீட்டுக்காரன் எந்திரிச்சுப் போவானா?"

"அப்ப எல்லாரும் எந்திரிக்கலாம். மாமா ஆசி சொல்லிட்டா எந்திரிச்சுடலாம்."

இதை விளக்கியே ஆக வேண்டும். எங்கள் விருந்து மூத்தவரின் ஆசியோடுதான் முடியும். அவர் உள்ளங்கைகளை ஏந்தி நாலு நல்ல வார்த்தை சொல்லி முகத்தில் தடவிக்கொள்வார். எல்லோரும் தடவிக்கொண்டு எழுவார்கள். அதற்கு முன்னால் எழுபவன் வீட்டுக்காரனைச் சபித்தவன் மாதிரி. வீட்டுக்காரனே எழுந்தால், விருந்தாளிகளைத் துரத்தியவன்.

தொக்தோசுன் விரலில் ஒட்டியிருந்த கொழுப்பைத் துடைத்தார். குரல் மென்மையாகவே இருந்தது.

"ஆசி சொல்றேன் மாப்ள. மனசார சொல்லணும்னு ஆசை. புள்ள எங்ககூட வருதுன்னு தெரிஞ்சா மனசு நெறைஞ்சுடும். இப்பவே கையைத் தூக்கிடுவேன்."

அவர் மிரட்டவில்லை. மனது நிறைந்தால்தான் ஆசி பலிக்கும் என்று உண்மையாகவே நம்புகிறவர்.

6

இப்போது திலெக்கின் நிலைமை இது. வெளியே வெயில். மேலே ஆலங்கட்டி மழை. நடுவில் ஒரு கூடம் நிறைய ஆட்கள், எலும்பைச் சுவைத்துக்கொண்டு. அவர்களை எழுப்ப ஒரே ஒருவரால் முடியும். அதற்கு அவன் குழந்தையைக் கொடுக்க வேண்டும்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. கொடுத்துவிடுகிறான். ஆசி கிடைக்கிறது, எல்லோரும் மேடேறுகிறார்கள். வெள்ளம் வருகிறது. திலெக் ஊரைக் காப்பாற்றியவன். ஆனால் சேறு நிறைந்த வீட்டுக்கு, மேட்டு வீட்டிலிருந்து குழந்தையைத் திரும்பக் கேட்க முடியுமா? வெள்ளம் வராவிட்டாலும் கேட்க முடியாது. "அடுத்த மழைக்கு என்ன பண்ணுவ?" என்பார்கள். எப்படி எழுதினாலும் இந்த முடிவில் குழந்தை போய்விடுகிறது. என் பேனா

இரண்டு. கொடுக்க மாட்டேன் என்கிறான். தொக்தோசுன் கையைத் தூக்கவில்லை. வெள்ளம் வருகிறது. இதை எழுதவில்லை. யாரெல்லாம் கூடத்தில் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று. மெதெர்பெக் தொடையெலும்பைக் கீழே வைத்துவிட்டுச் சட்டென்று கடமை உணர்வு பெறுகிறார். [இதை எழுதி நானே சிரித்தேன்.]

நான்காவது முடிவை நான் எழுதவில்லை. ஜூராகான் நூலின் கடைசி முடிச்சைப் போட்டதும், திலெக் குனிந்து, கட்டிய காலோடு மேரிமைத் தூக்கிக்கொண்டு, விரிப்பைத் தாண்டி, கறித்தட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டி ஓடிவிட்டான். வாக்கியம் முடிந்த பிறகுதான் நான் பார்த்தேன்.

7

முற்றத்தில் ஊர்ப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். காலில் நூல் கட்டிய குழந்தையைக் கண்டால் ஓட வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். இம்முறை குழந்தையும் ஓடுகிறது என்பது அவர்களுக்குப் புது விளையாட்டு. மொத்தக் கூட்டமும் கூச்சலோடு திலெக்கின் பின்னால் பள்ளிக்கூட மேட்டை நோக்கி ஓடியது.

பிள்ளைகளைப் பிடிக்கத் தாய்மார்கள் ஓடினார்கள். "ஏய், எங்கடா போற? கல்லு தடுக்கும்!"

கூடத்தில் ஒரு நொடி யாரும் அசையவில்லை. ஆலங்கட்டி மழைக்கு அசையாதவர்கள், மேலதிகாரியின் உத்தரவுக்கு அசையாதவர்கள். பிறகு ஜூராகானின் குரல் கூரையைத் தூக்கியது.

"மொகத்துல துப்பிட்டுப் போறானே! சம்பந்திய உக்காரவெச்சுட்டு ஓடுறானே! புடிங்கய்யா அவன!"

அதற்கு எழுந்தார்கள். எல்லோரும். உயிருக்குப் பயந்து ஓடுவது மரியாதையில்லை. மரியாதையைக் காப்பாற்ற ஓடலாம். புருலின் கணவர் கையில் எலும்போடு ஓடினார். கீழ்த்தெருக்காரர்கள் ஓடினார்கள். மெதெர்பெக் ஒலிபெருக்கியில், "திலெக், நில்லு! இது உனக்கே அசிங்கம்!" என்று கத்திக்கொண்டு ஏறினார். "அட கிறுக்குப் பயலே, தம்பி, செருப்பாவது போட்டுக்கிட்டுப் போடா!" என்று புருல் அவன் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஊரில் படுத்திருந்தவர்களும் இந்தச் சத்தத்துக்கு வெளியே வந்து, விஷயம் கேட்டுக் கொதித்து, கூட ஏறினார்கள்.

மாவட்ட அலுவலகத்தின் வரலாற்றில் இவ்வளவு வேகமாக ஓர் ஊர் காலியானதில்லை.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால் சந்தேகமாகவும் இருக்கிறது. ஆகவே கதையை இங்கே முடிக்கவில்லை. மேட்டில் மூச்சு வாங்க நிற்கிறவர்களிடம் போகலாம்.

8

தொக்தோசுன் கடைசியாக வந்து சேர்ந்தார். கல்பாக் தொப்பி கையில் இருந்தது. தலை வியர்த்திருந்தது. ஊரே விலகி வழிவிட்டது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தார்கள். திலெக்கும் நினைத்து, குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான்.

அவர் அடிக்கவில்லை.

"ஆசி சொல்லாம எந்திரிச்ச விருந்து, என் ஆயுசுல இதான் மொதல்."

"மன்னிச்சுக்குங்க மாமா."

"அத விடு. வருமா, வராதா?"

திலெக்கின் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டது.

"வரும்," என்றான். அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னது அதுவே முதல்முறை.

"சரி. எல்லாரும் கேளுங்க," என்றார் தொக்தோசுன். "ஆறு வந்துச்சுன்னா, இவன் நம்மளக் காப்பாத்துனவன். புள்ளயப் பத்தி நானும் கேக்க மாட்டேன், என் வீட்டுக்காரியும் கேக்க மாட்டா. வரலேன்னா, ஒரு செய்திய நம்பிப் பெரியவங்கள அவமானப்படுத்துன பைத்தியக்காரன். பைத்தியக்காரன்கிட்ட எம் பேத்திய விடமாட்டேன். நியாயமா, இல்லையா?"

"நியாயந்தான்," என்றார் மெதெர்பெக். ஜூராகான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள். புருல் செருப்பைத் தம்பியின் காலடியில் வைத்தாள்.

இனி நீங்கள்தான்.

மழையை மலையில் நானே பெய்வித்துவிட்டேன், மறைக்கவில்லை. ஆனால் மலையில் பெய்வதெல்லாம் ஊருக்கு வருவதில்லை. மேலே கூழாங்கல் வெளியில் பரந்து, சோர்ந்து, தேங்கிப்போவதும் உண்டு. எந்தப் பக்கம் திருப்புவது என்பதை உங்களிடம் விடுகிறேன். உதவிக்கு, கீழே என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் யாரும் இல்லை. மெதெர்பெக் தெருத்தெருவாகப் பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்துவிட்டார். கீழ்த்தெருவில் இந்த வசந்தத்தில் கூரை மாற்றிய வீடு ஒன்று, பாதிக் கடனில். கட்டிப்போட்ட கன்றுக்குட்டிகள். விதைத்து முளைவிட்ட உருளைக்கிழங்கு. ஒரு விதவையின் தையல் இயந்திரம். திலெக்கின் வீடு. அந்த வீட்டின் உள்ளறையில் இன்னும் யாரும் எடுத்து மடிக்காத

அது பட்டியலில் வேண்டாம்.

குழந்தை அவனிடம் இருக்க வேண்டுமென்றால் இதையெல்லாம் சேற்றுக்குக் கொடுங்கள். ஊர் பிழைக்க வேண்டுமென்றால் குழந்தையைக் கொடுங்கள். அவசரமில்லை என்று சொல்ல ஆசைதான். மேலே வானம் இடிக்கிறது.

மேட்டில் எல்லோரும் ஆற்றைப் பார்த்து நிற்கிறார்கள். ஒவ்வொருவர் உதடும் அசைகிறது. தன் வீடு தப்ப வேண்டும், தன் கன்று தப்ப வேண்டும். குழந்தை அப்பனின் தோளில் தூங்கிவிட்டாள். திலெக்கின் உதடும் அசைகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் அவனும் தங்களோடு சேர்ந்து அதையேதான் வேண்டுகிறான் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் நன்றாக ஆறு தெரியட்டும் என்று நகர்ந்து, அவனுக்கு இடம் விடுகிறார்கள்.